ஒன்பது ஹீரோ, ஒரே விரல்

கேசோன் நகரத்தில் சினிமா போஸ்டர் செய்பவர்களுக்கு ஒரு ரகசியம் உண்டு. ரகசியம் என்று அவர்கள்தான் சொல்லிக்கொள்கிறார்கள். சினிமாவில் டீ கொடுப்பவர்வரை எல்லோருக்கும் தெரிந்ததுதான், போஸ்டரைப் பார்க்கும் ஜனங்களுக்கு மட்டும் தெரியாது. போஸ்டரில் நிற்கும் ஹீரோவின் தலைதான் ஹீரோவுடையது. கழுத்துக்குக் கீழே யாருடையது என்பதை அந்தப் போஸ்டரைச் செய்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஹீரோக்களுக்கு நேரம் இருப்பதில்லை. இருபது நிமிடம் வந்து உட்காருவார்கள். இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை, நேரே ஒரு முறைப்பு. தலையை மட்டும் கொடுத்துவிட்டு வேனில் ஏறிப் போய்விடுவார்கள். மீதி ஆளைப் போஸ்டர் செய்யும் ஜோவலின்தான் தேடிக்கொள்ள வேண்டும். தேடி அலைந்ததில்லை என்பது வேறு விஷயம். பதினோரு வருடமாக அவள் ஒரே ஆளைத்தான் கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் தென்சியோ வந்துவிடுவார்.

தென்சியோவுக்கு ஐம்பத்தேழு வயது. சண்டை நடிகர். முகத்துக்கு வயதாகிவிட்டது, தோள்களுக்கு யாரும் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. முப்பது வருடமாக வில்லனுக்குப் பின்னால் விறைப்பாக நிற்கும் நாலு பேரில் ஒருவர். படம் தொடங்கி அரை மணிக்குள் ஹீரோ கையால் செத்துப்போவார். அவர் குடியிருக்கும் மலபோன் தெருவே திரண்டு அவர் படத்துக்குப் போகும். எல்லோரையும் கூட்டி, ஜீப்னி வண்டி பிடித்து, வாசலில் பொரித்த வாழைப்பழம் வாங்கி, இருட்டில் தட்டுத்தடுமாறி உட்காருவதற்குள் தென்சியோ செத்திருப்பார். "உன் புருஷன் நெஜமாவே நடிக்கத்தான் போறாரா, இல்ல வேற எங்கயாச்சும் போயிட்டு வராரா?" என்று பக்கத்து வீட்டுக்காரி தன் மனைவி லிகாயாவிடம் கேட்டதாக அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் கிறிஸ்துமஸ் விருந்தில் அந்தக் கதையை அவர் எட்டாவது முறையாகச் சொன்னபோது, இரண்டு பீர் உள்ளே போயிருந்த ஜோவலின் மேசையைத் தட்டி எழுந்தாள்.

"அண்ணே, சினிமாவுக்கு லேட்டா போகலாம். போஸ்டருக்கு யாரும் லேட்டா போக முடியாதுல்ல? உங்களுக்கு ஒரு நல்ல வேஷம் வரட்டும். உங்க மூஞ்சி என் போஸ்டர்ல இருக்கும். இல்லன்னா என் பேர மாத்திக்கிறேன்."

"உன் பேரு நல்லாத்தானம்மா இருக்கு, அத எதுக்கு மாத்தற?" என்றார் தென்சியோ. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது படியில் நின்று, "ஜோவி, நெஜமாத்தான் சொன்னியா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

அந்த நல்ல வேஷம் இந்த வருடமே வந்தது. டிசம்பர் திரைவிழாவுக்கான காதல் படம். தீவுக்குத் தீவு போகும் படகு, அதில் பழகும் ஒரு பையனும் பெண்ணும். பெண்ணின் அப்பா அந்தப் படகை ஓட்டுகிறவர். அந்த அப்பாதான் தென்சியோ. பன்னிரண்டு காட்சி. முக்கியமாக, சாகவில்லை. படம் முடியும்போதுகூட உயிரோடு படகு ஓட்டிக்கொண்டிருக்கிறார். தெரு எவ்வளவு தாமதமாகப் போனாலும் பார்த்துவிடலாம்.

ஜோவலின் போஸ்டரை மனசுக்குள் போட்டுவிட்டாள். நடுவில் காதலர்கள், அவன் கை அவள் தோளில், பின்னால் மாலை வெயில் விழுந்த கடல். வலது மேல் மூலையில், படகின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கும் அப்பாவின் முகம். கம்ப்யூட்டரில் அந்த மூலைக்கென்று தனி அடுக்காக ஒரு லேயர் போட்டு, அதில் சாம்பல் நிறத்தில் ஒரு முட்டையை வரைந்து வைத்தாள். லேயருக்குப் பெயர் "தென்சியோ". முகம் வந்ததும் முட்டையை எடுத்துவிடலாம்.

கமுனிங் பகுதியில் ஒரு கஞ்சிக்கடைக்கு மேலே அவளுடைய வேலையிடம். ஒரே அறை. பாதியில் கம்ப்யூட்டர், பாதியில் சாம்பல் திரையும் இரண்டு விளக்கும். அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, அந்த ஊரில் மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும் கிறிஸ்துமஸ் பாட்டு கீழே கஞ்சிக்கடை ரேடியோவில் ஓடிக்கொண்டிருக்க, தென்சியோ வந்து நின்றார். கையில் ஒரு பை நிறைய சூடான ரொட்டி.

ஹீரோ ஆக்செலுக்கு இருபத்து நாலு வயது. வழக்கம்போலத் தலையை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஆகவே முதலில் ஆக்செலின் உடம்பை எடுக்க வேண்டும். தென்சியோ ஹீரோவின் சட்டையை மாட்டிக்கொண்டு, ஹீரோயின் உயரத்துக்கு நிறுத்தியிருந்த துணிக்கடைப் பொம்மையின் தோளில் கையைப் போட்டார்.

"கொஞ்சம் ஆசையா புடிங்கண்ணே. வழிப்பறிக்காரன் மாதிரி இருக்கு."

"முப்பது வருஷமா வழிப்பறிதானம்மா பண்ணிட்டிருக்கேன். ஆசைக்கெல்லாம் யாரும் கூப்பிட்டதில்ல."

அந்த ஆசையைக் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனது. தோள் சரியாக வந்தால் முழங்கை விறைத்தது, முழங்கை தளர்ந்தால் சட்டை சுருங்கியது. கடைசியில் சரியான படம் கிடைத்தபோது, கூடுதலாக ஒரு விளக்கை வாடகைக்குக் கொடுத்தவன் அதைத் திரும்ப எடுத்துப்போக வந்துவிட்டான்.

"உங்க மூஞ்சிய வியாழக்கிழமை எடுத்துடலாம்ணே. நல்லா ஷேவ் பண்ணிட்டு வாங்க. இல்ல வேணாம், பண்ணாதீங்க. படகுக்காரர்தான."

"பண்ணவா, வேணாமா?"

"வேணாம்."

"சரி. லிகாயாகிட்ட சொல்லலாமா?"

"சொல்லுங்கண்ணே, அதுக்கென்ன?"

"இல்ல, அவகிட்ட சொன்னா தெருவுக்கே மைக் கட்டிச் சொன்ன மாதிரி. அதான் கேட்டேன்."

அவர் படியிறங்கிப் போகும்போது விசிலடித்துக்கொண்டே போனார். ஜோவலினுக்குச் சந்தோஷமாக இருந்தது.

புதன்கிழமை ஆக்செலின் மேனேஜர் டொனாபெல் வந்தாள். கைப்பையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, கம்ப்யூட்டர் திரைமேலேயே வைத்து அளந்தாள். ஹீரோ தலையும் ஹீரோயின் தலையும் உச்சியிலிருந்து தாடைவரை ஒரே அளவு இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வேறெந்தத் தலையும் அதில் பாதியைத் தாண்டக் கூடாது.

"எங்க புள்ள ரெண்டு மில்லிமீட்டர் கம்மியா இருக்கான், தங்கம்."

"ஹீரோயினுக்கு முடி கொஞ்சம் தூக்கி வாரியிருக்காங்க, மேடம். தலை ஒரே அளவுதான்."

"அப்ப எங்க புள்ளைக்கும் தூக்கி வாரிவிடு."

ஜோவலின் தூக்கி வாரிவிட்டாள். அவளுக்கு இதெல்லாம் பழகிப்போன கூத்து. ஐந்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. டொனாபெல் மூலையிலிருந்த சாம்பல் முட்டையையும் அளந்தாள். பாதிக்குக் கீழேதான் இருந்தது. "யாரு இது? அப்பனா? இருந்துட்டுப் போகட்டும்" என்று ஸ்கேலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தென்சியோவுக்கு வினை அங்கிருந்து வரவில்லை. வியாழக்கிழமை காலை, அவர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், தயாரிப்பாளர் ஹெர்மினியா போன் செய்தாள்.

"ஜோவிம்மா, சாப்டியா? போஸ்டர் பாத்தேன். அழகு, அழகு. அந்த மூலையில ஒரு முட்டை இருக்கே, அங்க நம்ம டிராவிஸ போட்டுடு. போட்டோ அனுப்பிட்டேன்."

டிராவிஸ் அவளுடைய ஞானமகன். படத்தில் இரண்டு காட்சி வருகிறான். ஒன்றில் படகில் ஏறுகிறான், இன்னொன்றில் இறங்குகிறான்.

"மேடம், அது ஹீரோயினோட அப்பாவுக்கு. தென்சியோ அண்ணனுக்கு. கதையே அவரு..."

"கதை படத்துல இருக்கட்டும்மா. ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நின்னு அந்தப் புள்ளைய நான் கையில வாங்கியிருக்கேன். அவங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். போஸ்டர்ல அவன் இல்லன்னா கிறிஸ்துமஸுக்கு நான் அவ வீட்டுப் படி ஏற முடியுமா?"

நானும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன் மேடம் என்று சொல்ல ஜோவலினுக்கு வாய்வரை வந்தது. இரண்டு பேரும் மூலையில் இருக்கலாமே என்று மட்டும் கேட்டாள். மூலையில் கூட்டம் கூடாது என்றாள் ஹெர்மினியா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பதினோரு வருடத்தில் ஒரு தயாரிப்பாளரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு, அந்த வார்த்தை முதல் முறையிலேயே வந்துவிடுமா என்ன? அவள் தன்மேலேயே எரிந்து விழுந்துகொண்டு, டிராவிஸின் போட்டோவைத் திறந்தாள். பையன் நன்றாகத்தான் இருந்தான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

தென்சியோவுக்குப் போன் செய்தபோது பின்னால் ஜீப்னியின் ஹார்ன் கேட்டது. கிளம்பிவிட்டிருந்தார்.

"அண்ணே, வர வேணாம்."

"ஏன்மா, விளக்குக்காரன் மறுபடியும் தூக்கிட்டானா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைத்துச் சொன்னாள். எத்தனை சுற்றினாலும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது.

"சரிம்மா. ஞானமகன்னா என்ன பண்றது? எனக்கும் ஆறு ஞானப்புள்ளைங்க இருக்கு, அந்தத் தொல்லை எனக்குத் தெரியாதா? விடு."

"லிகாயா அக்காகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?"

"அவகிட்ட சொன்னேன். அவ மத்தவங்ககிட்ட சொல்லிட்டா. பரவால்ல, தாடி சரியில்லன்னு எடுத்துட்டாங்கன்னு சொல்லிடறேன்."

அவர் சிரித்தார். ஜோவலினுக்கு அதுதான் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

அன்று முழுவதும் ஆக்செலின் தலையைத் தென்சியோவின் கழுத்தில் பொருத்தினாள். தோல் நிறத்தை ஒன்றாக்கினாள். கழுத்துச் சுருக்கத்தைத் துடைத்தாள். கையில் ஓடிய நரம்புகளை ஒவ்வொன்றாக மழுக்கி, புறங்கையில் இருந்த முப்பது வருட வெயிலை எடுத்து, இருபத்து நாலு வயதுக் கையாக்கினாள். மாலை வெயிலுக்கு ஏற்ப ஒரு பக்கம் பொன்னிறம் ஏற்றினாள். சாம்பல் முட்டை இருந்த இடத்தில் டிராவிஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிரித்தான். லேயரின் பெயரை மாற்ற மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. டிராவிஸின் முகம் "தென்சியோ" என்ற பெயரிலேயே இருந்தது. அதனால் யாருக்கு என்ன லாபம்?

லேயர்களையெல்லாம் சேர்த்துப் போஸ்டரை ஒரே படமாக்கி அனுப்பிவிட்டாள். எல்லோரும் அழகு என்றார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஃபேஸ்புக்கில் போஸ்டர் வெளியானது. ஒன்பது மணிவரை ஆக்செலின் ரசிகைகள் இதயமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதேகாலுக்கு அவர்களில் ஒருத்தி, மிக அன்போடு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். "ஆக்செல் கண்ணா, உன் விரலுக்கு என்ன ஆச்சு?" என்று எழுதினாள்.

ஜோவலின் கஞ்சியை ஊதிக் குடித்துக்கொண்டே அதைப் படித்தாள். விரலுக்கு என்ன? போஸ்டரைத் திறந்து பார்த்தாள். ஹீரோயின் தோளில் ஹீரோவின் வலது கை. மற்ற நாலு விரலும் தோளோடு வளைந்து பதிந்திருந்தன. மோதிர விரல் மட்டும் வளையாமல், வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை கை தூக்குவதுபோல நெட்டுக்குத்தாக நின்றது.

அது தென்சியோவின் விரல். ஒரு படத்தில் கூரையிலிருந்து விழுந்து முறிந்து, ஏனோதானோ என்று வைத்துக் கட்டிய விரல். அதற்குப் பிறகு அது மடங்கியதே இல்லை. முதல் போஸ்டரிலேயே அவள் அதைச் சரி செய்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஆனால் அவளுக்கு அது தெரியவே இல்லை. நரம்பு தெரிந்தது, வெயில் தெரிந்தது, நகத்திலிருந்த அழுக்குகூடத் தெரிந்தது. பதினோரு வருடம் ஒரே ஆளின் கையைப் பார்த்துப் பார்த்து, ஆண்பிள்ளையின் கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவள் கண் முடிவு கட்டிவிட்டிருந்தது. கணக்கு வாத்தியார் கூட்டலில் கோட்டை விட்ட மாதிரிதான்.

பத்தரை மணிக்கு இலோயிலோ ஊரிலிருந்து ஒரு டீச்சர் அடுத்த குண்டைப் போட்டாள். அந்த அம்மாவுக்கு வேலையே பழைய போஸ்டர் சேர்ப்பதுதான் போலும். ஒன்பது போஸ்டர்களை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். துப்பாக்கி பிடித்த போலீஸ் ஹீரோ. ஸ்டீயரிங் பிடித்த டாக்ஸி ஹீரோ. ஜெபமாலை பிடித்த பாதிரியார். குழந்தையைத் தூக்கிய அப்பா. ஒன்பது பேர், ஒன்பது முகம். எல்லோர் கையிலும் அதே மோதிர விரல் விறைத்துக்கொண்டு நின்றது. மேலே எழுதியிருந்தாள்: "ஒன்பது ஹீரோ, ஒரே விரல். யாருப்பா அந்த மகராசன்?"

அதற்குமேல் சொல்ல வேண்டுமா? நாடே சிரித்தது. "எல்லாரும் ஒரே அம்மா புள்ளைங்களா?" என்றான் ஒருவன். "அந்த விரல்ல மோதிரம் போட முடியாது, அதான் ஒரு படத்துலயும் கல்யாணம்வரைக்கும் போகல" என்றாள் ஒருத்தி. மதியத்துக்குள் பிள்ளைகள் மோதிர விரலை நீட்டிக்கொண்டு போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கோ ஓர் ஊர் மேயர்கூட நீட்டினார்.

ஜோவலின் போனைக் கவிழ்த்து வைத்தாள். இனி எந்தத் தயாரிப்பாளர் கூப்பிடுவார் என்று யோசித்தாள். ஒருவர் பெயரும் வரவில்லை. போன் அடித்தது. தென்சியோ.

"ஜோவி, உன் வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லையேம்மா?"

"தெரியலண்ணே."

"நான் யாருகிட்டயும் என் விரல்னு சொல்லல. காலையிலேருந்து கைய பாக்கெட்டுக்குள்ளயே வெச்சிருக்கேன். சாப்பாடுகூட இடது கையிலதான். லிகாயா இன்னும் போஸ்டரப் பாக்கல, கைக்கு என்னாச்சுன்னு கேட்டதுக்கு, புடிச்சுகிச்சுன்னு சொன்னேன்."

"அண்ணே..."

"தெருப்புள்ளைங்கல்லாம் அந்த விரல நீட்டிகிட்டு ஓடுதுங்க. நான் வேடிக்கை பாத்துட்டிருக்கேன். சிரிப்பாத்தான் இருக்கு. நீ பயப்படாத. கேட்டா நான் அந்தாளப் பாத்ததே இல்லன்னு சொல்லிடு."

உடம்பு கொடுப்பவர்கள் வாய் திறப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் மரியாதை. அதை மீறினால் ஒரு நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்த மனிதராகிவிடலாம். அவரோ கையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, இவள் வேலைக்காகக் கவலைப்படுகிறார். ஜோவலின் போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி போன் அடித்தது. இந்த முறை ஹெர்மினியா.

திட்டு வாங்கத் தயாராக எடுத்தாள். வந்தது சிரிப்பு.

"ஜோவிம்மா! எத்தன பேரு பாத்திருக்காங்க தெரியுமா? திரைவிழாவுக்கு வர்ற மத்த ஏழு படமும் எங்கயிருக்குன்னே தெரியல. டொனாபெல் மட்டும் குதிச்சிட்டிருக்கா, அவள நான் பாத்துக்கறேன். இன்னிக்கே ரெண்டாவது போஸ்டர் விடறோம். பெரிசா அந்த விரல். விரல் மட்டும். கீழ, 'இது யார் விரல்?' அவ்வளவுதான். நாலு மணிக்குக் குடுத்துடு."

"மேடம், அது தென்சியோ அண்ணன் விரல்."

"எந்தத் தென்சியோ?"

"உங்க படத்துல படகு ஓட்டறாரே. ஹீரோயினோட அப்பா."

ஹெர்மினியா இன்னும் பலமாகச் சிரித்தாள். "ஐயோ, நம்ம ஆளேவா! நல்லதாப் போச்சு. பத்திரிகைக்காரங்க வந்தா விரல நீட்டச் சொல்லலாம்."

அதைக் கேட்டதும் ஜோவலினுக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் அடிவாங்கிச் செத்தவரை, இப்போது விரலை நீட்டி நிற்கவைத்துச் சிரிக்கப்போகிறார்கள். அந்தத் தெருவும் அதைப் பார்க்கும். இதற்கா அவர் படியில் நின்று, நிஜமாகத்தான் சொன்னாயா என்று கேட்டார்?

"மூஞ்சியோடதான் மேடம் போஸ்டர்."

"என்னது?"

"படகு கண்ணாடி, அதுக்குப் பின்னாடி அவரு மூஞ்சி, முன்னாடி ஸ்டீயரிங்ல அவரு கை. விரல் தெரியும். கீழ அவரு பேரு. 'இது யார் விரல்'ங்கற கேள்வி வேணாம். பதிலப் போடலாம்."

"அந்த மூஞ்சிய யாரும்மா பாக்கப்போறா? ஜனங்களுக்கு விரல்தான் வேணும்."

"அப்ப விரலுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க மேடம். லேயரோட இருக்கற ஃபைலு என்கிட்டதான் இருக்கு. நான் குடுக்கறதா இல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. குரல் நடுங்கவில்லை, அதுவே பெரிய ஆச்சரியம்.

"ஜோவி, நீயா பேசற?"

"நான்தான் மேடம். நீங்க டிராவிஸ் அம்மாவுக்கு வாக்குக் குடுத்தீங்க. நான் இவருக்குக் குடுத்திருக்கேன். டிராவிஸ் முதல் போஸ்டர்ல இருக்கான். அது அப்படியே இருக்கட்டும். இது இவரோடது."

ஹெர்மினியா பெரிய கெட்டவள் ஒன்றும் இல்லை. அவசரக்காரி. மணி ஒன்றரை ஆகியிருந்தது. வேறொரு ஆளைத் தேடிப் பிடித்து விளக்கிச் சொல்ல நேரமில்லை என்பது அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். "வாக்குன்னு சொல்லிட்ட, நான் என்ன பேச? நாலு மணி. ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது" என்று வைத்துவிட்டாள்.

ஜோவலின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தயாரிப்பாளரை மடக்கியிருக்கிறாள். அந்தச் சூட்டோடு வேலையில் இறங்கினாள். படகின் கண்ணாடி இருந்தது, கடல் இருந்தது, கை இருந்தது. முகம்தான் வேண்டும்.

படப்பிடிப்பில் எடுத்த படங்களைத் திறந்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம். எடுத்தவன் ஹீரோவையும் ஹீரோயினையும் மட்டும் எடுத்திருந்தான். தென்சியோ அறுபது படங்களில் இருந்தார். ஆக்செலின் காதுக்குப் பின்னால் மங்கலாக, ஹீரோயின் கூந்தலுக்குப் பின்னால் பாதியாக. ஒன்றும் உதவாது.

போகட்டும். தன்னிடம்தான் பதினோரு வருடப் படங்கள் இருக்கின்றனவே. பழைய டிஸ்க்கை மாட்டினாள். "தென்சியோ" என்ற பெயரில் ஒரு தொகுப்பு. அறுநூற்று நாற்பது படங்கள். விளக்கும் நிழலும் விதவிதமாக, மாலை வெயிலுக்குப் பொருந்துகிற மாதிரியே எத்தனையோ. சிறு சிறு கட்டங்களாகத் திரை முழுக்க விரித்தாள்.

முதல் வரிசையைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். பிறகு வேகவேகமாக உருட்டினாள்.

தோள். மார்பு. முஷ்டி. முதுகு. மடக்கிய முழங்கை. போலீஸ் சட்டை, பாதிரியார் அங்கி, டாக்டர் கோட்டு. அறுநூற்று நாற்பதிலும் படம் கழுத்தோடு முடிந்திருந்தது. ஒன்றில்கூடத் தலை இல்லை. தாடை தெரிந்த ஒன்றிரண்டிலும் அவளே பிற்பாடு வெட்டியிருந்தாள், இடத்தை அடைக்கிறது என்று.

அவள் கை மவுஸிலிருந்து விலகியது. ஹெர்மினியா ஒருமுறைதான் அவரைப் போஸ்டரிலிருந்து எடுத்தாள், அதுவும் போனில். இவள் பதினோரு வருடமாக, ரொட்டி வாங்கிக்கொண்டு வரச்சொல்லி, எதிரே நிறுத்தி, சிரித்துப் பேசிக்கொண்டே அவர் தலையை எடுத்திருக்கிறாள். இதுவரை அது அவளுக்கு உறைக்கவே இல்லை. சற்று முன்னால் போனில் காட்டிய வீரமெல்லாம் கரைந்துபோய், வெட்கம் ஒன்றுதான் மிஞ்சியது.

மணி இரண்டு. போனை எடுத்தாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான். கை பாக்கெட்டுக்குள்ள இருக்கு, கவலப்படாத."

"கைய வெளிய எடுத்துட்டு உடனே கெளம்பி வாங்க. மூஞ்சி எடுக்கணும்."

"யாரு மூஞ்சி?"

"உங்க மூஞ்சிதாண்ணே."

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படியேறி வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. தலைக்கு எண்ணெய். லிகாயா தேய்த்துவிட்டிருக்க வேண்டும், காதெல்லாம் மினுங்கியது. ஷேவ் பண்ணவா வேண்டாமா என்று கேட்க நேரமில்லாமல், ஒரு கன்னத்தில் பாதி பண்ணியதோடு விட்டிருந்தார். இந்த முறை ரொட்டி வாங்கவில்லை.

அறுநூற்று நாற்பதைப் பற்றி எப்படிச் சொல்வது? ஜோவலின் ஜன்னல் திரையை விலக்கி, விளக்கைத் திருப்பி, கேமராவைத் தாங்கியில் வைத்தாள். அவர் வழக்கமான இடத்தில் போய் நின்றார். நின்றதும், யாரும் கேட்காமலே, கால்களை அகட்டி, தோளை விரித்து, தலையைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார். விளக்கு நிழல் தோளில் விழாமல் இருக்க அவள் பழக்கியிருந்த நிலை அது.

"தலைய ஒதுக்காதீங்கண்ணே. முன்னாடி வாங்க."

வந்தார். தலையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கூரையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். சாகும்போதெல்லாம் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர், சும்மா நிற்கத் தெரியாமல் தவித்தார்.

"ஜோவி, எங்கம்மா பாக்கணும்?"

பதினோரு வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. கேட்கும்படியாக அவள் வைத்ததில்லை.

"என்னப் பாருங்கண்ணே" என்றாள்.

அவர் பார்த்தார். அவளால்தான் பார்க்க முடியவில்லை. கேமராவுக்குப் பின்னால் முகத்தை நன்றாக மறைத்துக்கொண்டு, படத்தை எடுத்தாள்.